கல்யாண வீடியோவுக்கு ஒரு பூட்டு, நாலு சாவி: குடும்பப் பதிவுகளை வீட்டு நெட்வொர்க்கில் பகிரவும் காக்கவும் முழுமையான வழிகாட்டி

2004-ல் நடந்த அண்ணன் கல்யாணத்தின் டிவிடியைப் போன ஆடி மாதம் மைனி எடுத்துப் போட்டார். மகளுக்குத் தன் கல்யாணப் புடவையைக் காட்ட வேண்டுமாம். தாலி கட்டுவதற்கு இரண்டு நிமிடம் முன்பு படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து உள்நோக்கி, பலா இலை நரம்பு போலப் பூஞ்சணம் ஓடியிருந்தது.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைப் பக்கம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஆனி, ஆடியில் சாரல்; ஐப்பசி, கார்த்திகையில் இடியோடு கொட்டும் மழை. இங்கே குடும்பப் பதிவுகளைத் திருடன் கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. பூஞ்சணம், இடி, ஊர் சுற்றும் பென் டிரைவ், "தெரியாமல் அழித்துவிட்டேன்" என்கிற ஒரு வாக்கியம், இந்த நான்கும்தான் கொண்டுபோகின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பூட்டு நமக்கு நாமே போட்டுக்கொள்வது. வெளியாளுக்கான பூட்டு அதற்குப் பிறகு. பார்க்கிற கை வேறு, மாற்றுகிற கை வேறு என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: டப்பாவைக் கொட்டுங்கள்

பிஸ்கட் டப்பா, பழைய போன், கேமரா அட்டை, மாமா வீட்டு ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேருங்கள். எங்கள் டப்பாவில் 9 டிவிடிகளும், கையளவுள்ள 4 டிஜிட்டல் வீடியோ கேசட்டுகளும் இருந்தன. கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து ஸ்டுடியோ எடுத்த ஒன்றில் மணமக்கள் பெயர் மலையாளத்தில் இருந்ததால், அது யார் கல்யாணம் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று.

பூஞ்சணம் பிடித்த டிவிடியை வட்டமாகத் துடைக்கக் கூடாது. மென்மையான துணியை லேசாக நனைத்து, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாக இழுங்கள். தட்டில் தகவல் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. வட்டமாக விழும் கீறல் ஒரே பாதையை நெடுக அழித்துவிடும், குறுக்கே விழும் கீறலை இயந்திரம் ஓரளவு சரிசெய்துகொள்ளும். எங்கள் தட்டு நாலாவது முயற்சியில், மெதுவான வேகத்தில் படிக்க முடிந்தது. தாலி கட்டும் காட்சி வந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு நிமிடம் போயிற்று, போகட்டும்.

ஓர் அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. டிஜிட்டல் கேசட் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 13 ஜிபி. வீட்டில் நாலு போன்கள், ஒவ்வொன்றிலும் 128 ஜிபி நிறைந்திருக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், எல்லாம் சேர்த்து 1 டிபிக்குள் அடங்கிவிடும். 2 டிபி டிஸ்க் பல வருடங்களுக்குப் போதும். இடம் மிச்சப்படுத்துவதாக நினைத்து மூலக் கோப்பைச் சுருக்கிவிட்டு மூலத்தை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக வந்ததை மூலம் என்று நம்பவும் வேண்டாம். அது ஏற்கெனவே சுருங்கி வந்தது.

பெயர் வைப்பதில் ஒரே விதி: தேதி முன்னால், ஆண்டு முதலில். '2004-05-23 அண்ணன் கல்யாணம் 01' என்று எழுதினால் எந்தக் கருவியும் தானாகக் கால வரிசையில் அடுக்கிவிடும். 'புதியது', 'கடைசி', 'உண்மையான கடைசி' என்று பெயர் வைத்தவன் நானும்தான்.

இரண்டாம் படி: பதிவுகளுக்கு ஒரு வீடு

இதற்கென்று கடைகளில் விற்கும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிகள் நல்லவை, விலை அதிகம். என் சிபாரிசு, மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப். அதற்குள்ளேயே பேட்டரி இருப்பதால் மின்சாரம் போனாலும் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் சிதையாது. மூடியை மூடினால் உறங்கிவிடாதபடி அமைப்பை மாற்றுங்கள், பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அந்த லேப்டாப் வேண்டவே வேண்டாம்.

டிஸ்கைத் தயார் செய்யும்போது ஃபேட்32 வடிவத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது. விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ், லினக்ஸ் என்றால் இஎக்ஸ்டி4.

வைக்கும் இடம் காற்றோட்டமாக, தரையிலிருந்து உயரமாக இருக்கட்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்கள் கடலைப் பார்த்த ஜன்னலருகே வைக்க வேண்டாம். உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரித்துவிடும். சும்மா இருக்கும் டிஸ்கை சிலிகா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். அரிசி மாவுதான் முனைகளுக்குள் போகும்.

மூன்றாம் படி: சுவரும் கம்பியும்

பாட்டா கட்டிய ஓட்டு வீடு வெட்டுக்கல் சுவர். ஒன்றரை அடித் தடிமன். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அந்தச் சுவரின் முன்னால் நின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கூடுதல் தூரம் போகும், வேகம் குறைவு. ஆகவே லேப்டாப்பையும் தொலைக்காட்சியையும் முடிந்தவரை கம்பியால் ரவுட்டரில் இணையுங்கள். கேட்-6 கம்பி 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தாங்கும். ரவுட்டரின் துளை 100 மெகாபிட்தானா, கிகாபிட்டா என்றும் பாருங்கள். 1 டிபியைப் பிரதி எடுக்க கிகாபிட்டில் இரண்டரை மணி நேரம் போதும்; 100 மெகாபிட்டில் ஒரு முழு நாள்.

இங்கே என் மண்டையில் குட்டு விழுந்த கதை. அதே விளையில் (தோட்டத்தில்) பின்னால் புது வீடு கட்டியபோது இரண்டு வீட்டையும் சாதாரண நெட்வொர்க் கம்பியால் இணைத்தேன். தென்னை மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன், பார்க்க அழகாகவே இருந்தது. ஓர் ஐப்பசி மாலை பக்கத்து விளையில் இடி விழுந்தது. எங்கள் மரத்தில் ஒரு கீற்றும் கருகவில்லை. ஆனால் அந்தச் செம்புக் கம்பி வழியாக வந்த மின்னழுத்தம் ரவுட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், தொலைக்காட்சியின் நெட்வொர்க் துளை மூன்றையும் ஒரே நொடியில் எரித்தது. மின் பலகையில் அலையழுத்தத் தடுப்பான் (சர்ஜ் புரொடெக்டர்) போட்டிருந்தேன். அது மின்கம்பி வழியாக வருவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குச் செம்பு போகக் கூடாது. ஃபைபர் இழுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஒரு சிறிய மாற்றிப் பெட்டி வைத்தால் போதும். தாங்குவதற்கு உள்ளே எஃகுக் கம்பி ஓடுகிற வகை ஃபைபரும் உண்டு, அதைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அலையழுத்தத் தடுப்பான் பெயருக்குத்தான், முதலில் எலெக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுவதே உத்தமம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பொறுப்பு. ஒரு நாளும் தவறியதில்லை.

கடைசியாக, கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் லேப்டாப்புக்கு ஒரு நிலையான முகவரி ஒதுக்குங்கள், உதாரணமாக 192.168.1.50. இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும்போது முகவரி மாறி, "படம் வரவில்லை" என்ற குரல் வரும்.

நான்காம் படி: இரண்டு கணக்குகள்

இந்தப் படியை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். விண்டோஸ் லேப்டாப் என்று கொண்டு சொல்கிறேன்.

1. டிஸ்கில் 'குடும்பம்' என்று ஒரு ஃபோல்டர், அதற்குப் பக்கத்தில் 'வரவு' என்று இன்னொன்று.

2. செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் இரண்டு உள்ளூர்க் கணக்குகள் உருவாக்குங்கள். ஒன்று 'பார்வை', மற்றது 'காவல்'. இரண்டுக்கும் வெவ்வேறு கடவுச்சொல். நீங்கள் தினமும் பயன்படுத்தும் கணக்கு இதில் சேராது.

3. 'குடும்பம்' ஃபோல்டரில் வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங் என்று போங்கள். பகிர்வை இயக்கி, பெர்மிஷன்ஸ் பட்டியலில் 'எவ்ரிஒன்' என்பதை நீக்குங்கள். 'பார்வை'க்குப் படிக்க மட்டும் அனுமதி. 'காவல்'க்கு மாற்றவும் அனுமதி.

4. பக்கத்தில் செக்யூரிட்டி என்று இன்னொரு தாவல் இருக்கிறது. அங்கேயும் அதே அனுமதிகளைக் கொடுங்கள். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு இந்த இரண்டு பட்டியலில் எது கடுமையோ அதுதான் செல்லும். 'எல்லாம் சரியாகக் கொடுத்தேன், திறக்கவில்லை' என்பவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது பட்டியலைப் பார்க்காதவர்கள்.

5. 'வரவு' ஃபோல்டரில் 'பார்வை'க்கும் எழுத அனுமதி கொடுங்கள். பிள்ளைகள் போனில் எடுத்ததை இங்கே கொட்டட்டும். வாரம் ஒரு முறை 'காவல்' உள்ளே வந்து, பெயர் மாற்றி 'குடும்பம்' ஃபோல்டருக்கு நகர்த்தும்.

வீட்டில் எல்லோர் போனிலும் 'பார்வை' மட்டும்தான் இருக்கும். 'காவல்' கடவுச்சொல் ஒருவரிடம். எங்கள் வீட்டில் அது நான். இது அவநம்பிக்கை இல்லையா என்று மைனி கேட்டார். "எனக்கும் தினமும் பார்வைதான் மைனி, நானே ஒரு முறை அழித்திருக்கிறேன்" என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

போனிலும் ஆண்ட்ராய்டு தொலைக்காட்சியிலும் விஎல்சி செயலியைத் திறந்து, உள்ளூர் நெட்வொர்க் பகுதியில் இந்த லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்து, 'பார்வை' கணக்கால் நுழையலாம். மிகப் பழைய தொலைக்காட்சியோ ரவுட்டரோ திறக்க மறுத்தால், எஸ்எம்பி1 என்ற பழைய முறையை இயக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது அந்த முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு பழைய டிவிக்காக முழு வீட்டையும் திறந்து வைப்பதைவிட, அந்த டிவியில் ஒரு சின்ன ஸ்டிக்கைச் சொருகுவது மேல்.

ஐந்தாம் படி: தொலைக்காட்சிக்கு ஒரு முகப்பு

பல தொலைக்காட்சிகளில் டிஎல்என்ஏ என்ற வசதி உண்டு. 2003-ல் நிறுவனங்கள் கூடித் தொடங்கிய ஏற்பாடு. 2017-ல் அமைப்பையே கலைத்துவிட்டார்கள், தொழில்நுட்பம் மட்டும் இன்னும் ஓடுகிறது. எளிது, இயக்கினால் டிவியில் படம் வந்துவிடும். ஆனால் பொதுவாக அதில் பயனர் பெயரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. உங்கள் வைஃபைக்குள் நுழைந்த விருந்தாளிக்கும் அதே பட்டியல் தெரியும். பிரசவ வீடியோவும் ஆஸ்பத்திரிப் படங்களும் இருக்கிற ஃபோல்டரை அதில் போட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் ஜெல்லிஃபின், வீட்டுப் படங்களை நூலகமாக அடுக்கிக் காட்டும் மென்பொருள். இலவசம், மூலநிரல் திறந்தது, 2018 கடைசியில் எம்பி என்ற இதே மாதிரி மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. லேப்டாப்பில் நிறுவிவிட்டு, வீட்டிலுள்ள எந்த பிரவுசரிலும் 192.168.1.50:8096 என்று தட்டினால் திறக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் உருவாக்குங்கள். யாருக்கு எந்த நூலகம் தெரிய வேண்டும் என்று தனித்தனியாக டிக் செய்யலாம். 'மீடியாவை அழிக்க அனுமதி' என்ற கட்டத்தை எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். குழந்தைகள் கணக்கில் கல்யாணமும் பிறந்த நாளும் மட்டும் தெரிந்தால் போதும்.

படம் திக்கினால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். 2017-க்குப் பிந்தைய ஐபோன்கள் வழக்கமாக ஹெச்இவிசி வடிவில் பதிவு செய்கின்றன. டிவிக்கு அது புரியாவிட்டால் லேப்டாப் அந்த நேரத்திலேயே மாற்றித் தர முயலும், பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கும். அடிக்கடி பார்ப்பதை மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் கொண்டு எச்.264 வடிவில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். மூலம் அப்படியே இருக்கட்டும்.

ஆறாம் படி: வாசல்

இப்போது வெளியாளுக்கான பூட்டு. ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போனது அந்தத் தெருவுக்கே பொதுவாக இருக்கலாம். வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 3 ஆக இருக்கட்டும். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ், கருவிகள் தாமாகவே வெளிவழி திறக்க விடும் யூபிஎன்பி இரண்டையும் அணையுங்கள். விருந்தாளிகளுக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள். கிறிஸ்துமஸுக்கோ கோயில் கொடைக்கோ இருபது பேர் வந்து இறங்கும் வீடுகளில் இந்த ஒன்றே பெரிய நிம்மதி. எல்லோருக்கும் இணையம் கிடைக்கும், லேப்டாப் யாருக்கும் தெரியாது.

ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து சேமிப்பை நேரடியாக இணையத்தில் வைப்பது கூடவே கூடாது. 2022-ல் டெட்போல்ட் என்ற பணயப் பூட்டு, அப்படி வெளியே தெரிந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத் தேடித் தேடித்தான் பூட்டியது.

ஏழாம் படி: துபாயில் இருக்கும் அண்ணனுக்கு

டெயில்ஸ்கேல் போன்ற ஒரு தனிவழிச் (விபிஎன்) செயலியை லேப்டாப்பிலும் அண்ணன் போனிலும் நிறுவினால், இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போல நடந்துகொள்ளும். அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற மறைகுறியாக்க முறை. போர்ட் எதையும் திறக்க வேண்டாம், நம் இணைப்புக்குத் தனிப் பொது முகவரி இல்லாவிட்டாலும் வேலை செய்யும். ஐக்கிய அரபு அமீரகத்தில் குற்றச் செயலுக்காக விபிஎன் பயன்படுத்துவது கடும் தண்டனைக்குரியது. வீட்டுப் படம் பார்ப்பது குற்றமில்லைதான்; ஆனாலும் அங்கே இருப்பவர் அந்நாட்டு விதியைத் தெரிந்துகொண்டு தொடங்கட்டும்.

இதில் முக்கியம் நம் வீட்டு அப்லோடு வேகம். ஒன்றரை மணி நேரக் கல்யாண வீடியோ 20 மெகாபிட் வேகத்தில் இருந்தால் மொத்தம் 13.5 ஜிபி. ஜெல்லிஃபினில் அண்ணனின் கணக்குக்கு 4 மெகாபிட் உச்ச வரம்பு வையுங்கள். மாற்றித் தரும் வேலை லேப்டாப்புக்கு வரும் என்பதால், இங்கேயும் ஹேண்ட்பிரேக் பிரதி கை கொடுக்கும்.

எட்டாம் படி: நமக்குச் சொந்தமில்லாதது

கடையில் வாங்கிய படத் தட்டுகளும், செயலியில் தரவிறக்கிய படங்களும் இந்த ஏற்பாட்டுக்குள் வராது. வர விடாமல் பல அடுக்குப் பூட்டுகள் இருக்கின்றன. டிவிடியில் சிஎஸ்எஸ். ஹெச்டிஎம்ஐ கம்பியில் இன்டெல் உருவாக்கிய ஹெச்டிசிபி. வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மறைகுறியாக்க, ஹிட்டாச்சி, இன்டெல், மட்சுஷிட்டா, சோனி, தோஷிபா சேர்ந்து செய்த டிடிசிபி. செயலியில் இறக்கிய கோப்பை லேப்டாப்புக்கு நகர்த்தினால் திறக்காததற்கும் இந்த மாதிரிப் பூட்டுதான் காரணம், சாவி செயலிக்குள்ளேயே இருக்கிறது. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதற்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

கல்யாண வீடியோவின் கதை வேறு. அதே 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது. அதாவது நாம். ஸ்டுடியோவிடம் மூலப் பதிவைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டாம். ஒப்பந்தத் தாளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பின்னணியில் அவர்கள் ஒட்டிய சினிமாப் பாட்டு நம்முடையதாகிவிடாது. வீட்டுக்குள் கேட்பதில் தொல்லையில்லை, பொதுத் தளத்தில் ஏற்றினால் உரிமையாளர் கேள்வி கேட்பார்.

ஒன்பதாம் படி: மூன்று பிரதி

மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். பழைய விதிதான். லேப்டாப்பில் உள்ளது ஒன்று. மாதம் ஒரு முறை மட்டும் சொருகிப் பிரதி எடுத்து உடனே கழற்றும் வெளி டிஸ்க் இரண்டாவது. கழற்றி வைத்ததை இடியும் எரிக்காது, பணயப் பூட்டும் பூட்டாது. மூன்றாவது நாகர்கோவிலில் சித்தி வீட்டில், கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்க்காக. தாலி, பிறப்பு, பாட்டாவின் குரல் போன்ற மாற்றில்லாத சிலவற்றை மேகச் சேமிப்பிலும் ஏற்றினால் இரண்டாவது வகையும் ஆயிற்று. இரண்டு டிஸ்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு ஏற்பாட்டைப் பிரதி என்று எண்ணாதீர்கள். ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அந்த நொடியே அழியும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்தன, சாலைகள் அடைபட்டன. வேறு ஊர்ப் பிரதி எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் அந்த வாரத்தைத்தான் நினைவூட்டுவேன்.

திரும்ப எடுத்துப் பார்க்காத பிரதியைப் பிரதியாக எண்ண வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஏதாவது ஒரு பழைய கோப்பை வெளி டிஸ்கிலிருந்து திறந்து கடைசி வரை ஓடவிடுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி. 'காவல்' கடவுச்சொல் என்னிடம் மட்டும் இருந்தால் எனக்கு ஒன்று ஆகும்போது வீடே பூட்டிக்கிடக்கும். அதனால் முகவரி, கணக்குகள், டிஸ்க் இருக்கும் இடம், கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, இரும்பு அலமாரியில் பத்திரக் கட்டோடு வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மைனி கையில் கொடுத்து, நான் திண்ணையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து நிமிடம் சத்தமில்லை. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது: "தம்பி, மூன்றாவது வரியில் 'வழக்கமான கடவுச்சொல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடைய வழக்கம்?"

தாளை வாங்கித் திருத்தி எழுதினேன்.